‘டிக்’ என்றது... ‘டுமீல்’ வரவில்லை!

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்)



தீபாவளி சமயத்தில் கேப் துப்பாக்கி வெடிக்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. சுருள் கேப்பைப் போட்டு விசையை இழுத்தால் சில சமயம் "டிக்" என்று மட்டும் சொல்லும். உடனே "கேப் நமத்துப் போச்சு" என்று கடைக்காரரைத் திட்டுவோம். பிறகு அதே கேப்பைத் திண்ணையில் வைத்துக் கருங்கல்லால் ஒரு போடு போடுவோம். "டப்"! நமத்துப் போன கேப் எப்படி வெடித்தது? அந்த வயதில் நான் இதைக் கேட்டதே இல்லை. கேட்க வேண்டிய நேரம் வந்தபோது நான் இருந்த இடம் அமெரிக்கா!

பெருமைக்காகச் சொல்லவில்லை. என் அக்காவும் மாமாவும் மேற்குப் பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில் அக்கா டிக்கெட் எடுத்து அனுப்பினாள். போய் ஒரு வாரத்தில் போரடித்துவிட்டது. பஸ் கிடையாது, டீக்கடை கிடையாது. பக்கத்து வீட்டில் மட்டும் ஒரு கராஜ் கதவு தினமும் காலை ஏழு மணிக்குத் திறக்கும். உள்ளே ஒரு பழைய லேத், ஒரு பெஞ்ச் கிரைண்டர், சுவர் நிறைய கேஜுகள். நாற்பது வருஷம் டூல் அண்ட் டை மேக்கராக வேலை பார்த்து ரிடையர் ஆன பெரியவர் அவர். வயது எழுபத்தாறு. முதல் நாள் என் கையில் ஒரு மைக்ரோமீட்டரைக் கொடுத்து "ரீடிங் சொல்லு" என்றார். அது அங்குல மைக்ரோமீட்டர் என்பதைக் கவனிக்காமல் நான் மில்லிமீட்டரில் சொல்ல, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து நான் அங்கே டே ஸ்காலர்! என்னை "சன்" என்று கூப்பிடுவார். நம்ம ஊர் "தம்பி" மாதிரிதான்.

அவருடைய பொழுதுபோக்கு, ரிவால்வர் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்வது. ஹேண்ட்லோடிங் என்பார்கள். சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற வேலை. அமெரிக்காவில் சட்டப்படி அனுமதி உள்ள சாதாரண ஹாபி அது. பிரைமர், வெடிமருந்து, குண்டு எல்லாம் கடையில் தனித்தனியாக விற்கிறார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். விசாவில் வந்து போகிறவர்கள் அங்கே துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது பொது விதி. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. காலிக் கூடும் பிரைமரும்கூட அந்தச் சட்டத்தில் தோட்டா என்ற கணக்கில்தான் வரும். "எதையும் தொடாதே, கையைக் கட்டிக்கிட்டு நில்லு" என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே இந்தக் கதை முழுவதும் என் கையில் இருந்தது ஒரு நோட்டும் பால்பாயிண்ட் பேனாவும் மட்டுமே. நம் நாட்டிலோ 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். எனவே இதை யாரும் செய்து பார்க்கும் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபால்ட் ஃபைண்டிங் பாடமாக மட்டும் படியுங்கள்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

பெரியவரின் ரிவால்வர் .38 ஸ்பெஷல் தோட்டா போடுவது. அந்தத் தோட்டாவில் நான்கே பாகங்கள்தாம். பித்தளைக் கூடு, அடியில் பிரைமர், உள்ளே புகையற்ற வெடிமருந்து, வாயில் குண்டு. (அந்த டப்பாவைப் பார்த்ததும் எனக்கு ஊட்டி மலை ரயிலில் தாண்டிப் போகும் அருவங்காடு கார்டைட் ஃபாக்டரி ஞாபகம் வந்தது. அவருக்கு அருவங்காட்டை விளக்கவே அரை மணி நேரம் ஆகிவிட்டது.) கூட்டின் அடியில் வெளியே துருத்திய ஒரு விளிம்பு இருக்கும். சிலிண்டர் ஓட்டையில் தோட்டா உள்ளே விழாமல் நிற்பது அந்த விளிம்பால்தான்.

நமக்கு முக்கியம் பிரைமர். 4.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள குட்டிக் கிண்ணம். அதற்குள் தட்டினால் தீப்பிடிக்கும் ஒரு கலவை. அதன் மேல் மூன்று கால்களோ இரண்டு கால்களோ உள்ள ஒரு சின்னத் தகடு. அதன் பெயர் என்ன தெரியுமா? ஆன்வில்! நம்ம ஸ்மித்தி ஷாப்பில் இருக்கிறதே, அதே பெயர், அதே வேலை. ஃபயரிங் பின் கிண்ணத்தின் முதுகில் குத்துகிறது. கலவை, பின்னுக்கும் ஆன்வில்லுக்கும் நடுவே நசுங்கித் தீப்பிடிக்கிறது. தீ கூட்டின் நடுவில் உள்ள சின்ன ஓட்டை வழியாகப் பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கிறது. நசுங்கினால்தான் நெருப்பு. அடி விழுந்தால் மட்டும் போதாது, கீழே தாங்கலும் வேண்டும்.

இந்தத் தத்துவத்துக்கு வழி போட்டவர் ஒரு பாதிரியார் என்றால் நம்புவீர்களா? ஸ்காட்லாந்தின் அலெக்ஸாண்டர் ஃபோர்ஸித், பறவை வேட்டைப் பிரியர். பழைய சிக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் கிண்ணத்து மருந்து புகையும், அதைப் பார்த்துப் பறவை பறந்துவிடும். தட்டினால் வெடிக்கும் மருந்தைப் பற்றவைப்பதற்குப் பயன்படுத்தி அவர் 1807-ல் பேடண்ட் வாங்கினார். இன்று அமெரிக்கர்கள் பயன்படுத்தும் பிரைமர் வகைக்கு பாக்ஸர் என்று ஓர் ஆங்கிலேயரின் பெயர். ஐரோப்பாவில் பரவிய இன்னொரு வகைக்கு பெர்டான் என்று ஓர் அமெரிக்கரின் பெயர்! பாக்ஸர் வகையில் ஆன்வில் பிரைமருக்குள்ளேயே இருப்பதால் பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிது போடுவது சுலபம். ஹேண்ட்லோடிங் ஹாபியாக வளர்ந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

அந்த வியாழக்கிழமை

பெரியவர் வாராவாரம் வியாழக்கிழமை கிளப் ரேஞ்சுக்குப் போவார். சம வயது நண்பர்கள் நான்கைந்து பேர். எல்லோரும் ரிவால்வர்காரர்கள். டபுள் ஆக்‌ஷனில் சுடுவதுதான் அவர்களுடைய போட்டி. (ரிவால்வரில் இரண்டு விதமாகச் சுடலாம். ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு விசையை லேசாகத் தொடுவது சிங்கிள் ஆக்‌ஷன். விசையை இழுக்க இழுக்க அதுவே ஹேமரைத் தூக்கிக் கடைசியில் விடுவது டபுள் ஆக்‌ஷன். இரண்டாவதற்கு விரலில் பலம் வேண்டும்.)

மாமா அன்று லீவு, என்னையும் கூட்டிப் போனார். காதில் மஃப் மாட்டிக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் நின்றேன். டுமீல், டுமீல், டிக்.

அந்த டிக்கைக் கேட்டதும் நான் என்ன நினைத்தேன் என்றால், உடனே திறந்து பார்ப்பார் என்று. அவர் சிலைமாதிரி நின்றார். குழல் இலக்கைப் பார்த்தபடி, விரல் விசையை விட்டு வெளியே. உதடு மட்டும் அசைந்தது. முப்பது வரை எண்ணிக்கொண்டிருந்தார்! சில சமயம் பிரைமர் மெதுவாகப் புகைந்து, சற்றுத் தாமதித்து வெடிக்குமாம். ஹேங் ஃபயர் என்பார்கள். வெடிக்காத சரவெடியைக் குனிந்து பார்க்காதே என்று நம் அம்மாக்கள் கத்துவது இதற்குத்தான். ரிவால்வரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அவசரப்பட்டு விசையை மறுபடி இழுத்தால் சிலிண்டர் சுழன்றுவிடும். புகைந்துகொண்டிருக்கிற தோட்டா குழலுக்கு நேரே இல்லாமல் பக்கத்துக்குப் போன பிறகு வெடித்தால்? நினைத்துப் பாருங்கள்.

இதைவிடப் பொல்லாதது "டிக்"குக்கும் "டுமீல்"லுக்கும் இடைப்பட்ட "புஸ்". பிரைமர் மட்டும் வெடித்து, மருந்து இல்லாமலோ சரியாகப் பற்றாமலோ போனால், குண்டு பாதிக் குழலில் போய் மாட்டிக்கொள்ளும். அதை கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழலே பிளக்கும். சத்தம் வித்தியாசமாகக் கேட்டாலே அன்றைய ஆட்டம் நிறுத்தம், குழலைச் சோதிக்காமல் அடுத்தது கிடையாது. அங்கே அது எழுதாத சட்டம். நல்ல வேளை, அன்று வந்தவை எல்லாம் சுத்தமான டிக்.

ஐம்பது தோட்டாவில் ஐந்து டிக். நண்பர்கள் கிண்டல் செய்யவில்லை, அதுதான் அவருக்கு உறைத்தது. காரில் வரும்போது, "எனக்குக் கண் போச்சு, கை போச்சு. பெஞ்சை வித்துடப் போறேன்" என்றார். மாமா ஏதோ சமாதானம் சொன்னார். நான் பின் சீட்டில் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு சோதனை, இரண்டு தீர்ப்பு

மறுநாள் கராஜில் ஆளுக்கொரு யோசனை. 2020-லிருந்து 2022 வரை அமெரிக்காவில் பிரைமருக்குக் கடும் தட்டுப்பாடு இருந்தது, கிடைத்ததை வாங்கி வைத்தவர்கள் ஏராளம். அவரும் அப்போது ஓர் ஆயிரம் வாங்கியிருந்தார். "அந்த லாட்டே மோசம், தூக்கிப் போடு" என்றார் ஒரு நண்பர். பெட்டியை எடுத்துப் பார்த்தார்கள். பிஸ்டல் பிரைமர்தான். (ஸ்மால் ரைஃபிள் பிரைமரும் ஸ்மால் பிஸ்டல் பிரைமரும் ஒரே விட்டம். ரைஃபிள் வகையின் கிண்ணம் தடிமன், ரிவால்வரின் அடிக்கு மசியாது. தட்டுப்பாட்டில் சிலர் அதைப் போட்டுவிட்டு முழித்ததும் உண்டு.) ஆயில் பட்டிருக்கும் என்றார் இன்னொருவர். ஆயில் பட்டால் பிரைமர் செத்துவிடும் என்பது அங்கே பரவலான நம்பிக்கை, ஆனால் ஆயிலில் நனைந்தும் வெடித்தவை உண்டு. இரண்டு பக்கமும் நம்ப முடியாத விஷயம்.

பெரியவர் தொழில்காரர், பேச்சை நிறுத்திவிட்டுச் சோதனைக்கு ஏற்பாடு செய்தார். அடுத்த நாள் ரேஞ்சில், அவருடைய ரிவால்வரில் கடையில் வாங்கிய தோட்டா ஐம்பது, எல்லாம் டபுள் ஆக்‌ஷனில். ஐம்பதும் வெடித்தன. "பார்த்தியா, துப்பாக்கி ஓகே. தோட்டாதான் தப்பு" என்றார் நண்பர். அடுத்து, நண்பரின் ரிவால்வரில் பெரியவர் நிரப்பிய தோட்டா ஐம்பது. அவையும் ஐம்பதும் வெடித்தன!

இப்போது சொல்லுங்கள். முதல் சோதனைப்படி துப்பாக்கி நிரபராதி. இரண்டாவது சோதனைப்படி தோட்டா நிரபராதி. அப்படியானால் ஐந்து டிக் எங்கிருந்து வந்தது? வைவாவில் இதைக் கேட்டிருந்தால் நான் மேலே ஃபேனைப் பார்த்திருப்பேன்.

ஸீரியல் நம்பரின் மகிமை

நம்ம லேப் ரெக்கார்டில் எந்த டேபிளை எடுத்தாலும் முதல் காலம் என்ன? ஸீரியல் நம்பர். அதைப் போடாவிட்டால் ரெக்கார்டு முகத்தில் வந்து விழும். அந்தப் பயத்தில், முதல் வியாழக்கிழமையே நான் கோடு போட்டு டேபிள் வரைந்து வைத்திருந்தேன். பெரியவர் தோட்டாக்களை நிரப்பிய வரிசையிலேயே ஐம்பது ஓட்டை உள்ள தட்டில் அடுக்குவார், வரிசையாகத்தான் எடுத்துப் போடுவார். எனவே என் நோட்டில் ஐந்து டிக்கும் எந்த எண்ணில் வந்தன என்று இருந்தது. 31, 38, 42, 44, 49.

முதல் முப்பதில் ஒன்றுகூட இல்லை! லாட் மோசம் என்றால் கடைசி இருபதில் மட்டும் ஏன் மோசம்?

இரண்டாவது காலத்தில் இன்னொரு செய்தி. ஒவ்வொரு டிக்குக்கும் பிறகு முப்பது வினாடி காத்து, சிலிண்டரைத் திறந்து, அதே தோட்டா மறுபடி ஹேமருக்கு நேரே வரும்படி திருப்பி வைத்து இன்னொரு தடவை அடித்தார். நான்கு, இரண்டாவது அடியில் வெடித்தன. 44 மட்டும் மறுபடி டிக். அதை சிங்கிள் ஆக்‌ஷனில் அடித்தபோது வெடித்தது. ஆக, ஐந்தில் எதுவும் செத்த பிரைமர் இல்லை. கருங்கல்லால் வெடித்த கேப்பின் கதைதான்.

நோட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இரண்டாம் அடியில் வெடிச்சா, பிரைமர் உட்காரலைன்னு அர்த்தம்" என்றார்.

விளக்கம் இதுதான். பிரைமர் தன் குழியின் அடித்தளத்தில் போய் ஆன்வில்லின் கால்கள் படும்படி உட்கார வேண்டும். உட்காராமல் மேலே நின்றால், முதல் அடியின் சக்தி பிரைமரைக் குழிக்குள் தள்ளுவதிலேயே செலவாகிவிடும், கலவை நசுங்காது. ஆடுகிற பலகையில் ஆணி அடித்துப் பாருங்கள், ஆணி இறங்காது, பலகைதான் போகும். இரண்டாம் அடி விழும்போது பிரைமர் ஏற்கெனவே அடிவரை போயாகிவிட்டது, எனவே வெடிக்கிறது. முதல் அடி ரிப்பேர் செய்கிறது, இரண்டாம் அடி வேலை செய்கிறது!

சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடினாலும், தோட்டா அழுக்கினால் முழுக்க உள்ளே போகாமல் நின்றாலும், கூட்டின் விளிம்பு மெலிந்திருந்தாலும் இதே வினைதான். அடி வாங்க வேண்டியது அசையாமல் நிற்க வேண்டும். இவற்றை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் எரியாத மருந்துத் துணுக்கு இருக்கிறதா என்று பிரஷ் போட்டார், ஏதுமில்லை.

நிரப்பிய தோட்டாவில் பிரைமரை மறுபடி அழுத்தி உட்கார வைக்கலாமே என்று நான் கேட்டேன். "உள்ளே மருந்து இருக்கும்போதா? ஒருநாளும் கூடாது" என்றார். அந்தத் தட்டில் மீதி இருந்தவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, புதிதாக ஐம்பது காலிக் கூட்டில் பிரைமர் மட்டும் போட்டார். அளந்து பார்க்க அதுதான் சரியான கட்டம்.

பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குக் கீழே மூன்றிலிருந்து ஐந்து தௌ வரை இறங்கியிருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நம்ம ஊர் லேத் பட்டறைகளிலும் புழங்கும் சொல்தான். நான்கு தௌ என்பது ஒரு ஜெராக்ஸ் பேப்பரின் தடிமன். அவர் டெப்த் கேஜ் வைத்து ரீடிங் சொல்ல, நான் எழுதினேன். முதல் இரண்டு வரிசையும் நான்கு, நான்கு, ஐந்து, நான்கு. முப்பதைத் தாண்டியதும் மூன்று, இரண்டு. கடைசி வரிசையில் ஒன்று, பூஜ்யம், ஒன்று.

பூஜ்யம் என்றால் மட்டத்துக்குச் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வெளியே துருத்தவில்லை. துருத்தியிருந்தால் சர்ஃபேஸ் பிளேட்டில் நிறுத்தும்போதே ஆடிக் காட்டிக்கொடுத்திருக்கும், சிலிண்டரும் சுழலாமல் உரசியிருக்கும். மட்டமாக இருந்ததால் விரலால் தடவிப் பார்த்து "சரி" என்று விட்டுவிட்டார். மட்டமாக இருப்பது வேறு, அடிவரை போயிருப்பது வேறு. நான் இதைப் புரிந்துகொள்ள ஒரு நாள் பிடித்தது.

ஆனால் எழுதும்போது இன்னொன்றையும் பார்த்தேன், அதை நோட்டில் எழுதவில்லை. அவர் பிரைமர் போட்டது கைக்கருவியில். நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். இருபதைத் தாண்டியதும் கையை உதறினார். முப்பதில் கட்டைவிரலை விட்டு உள்ளங்கையால் அழுத்தினார். அவர் விரல் முட்டிகள் எல்லாம் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருக்கும். மூட்டுவாதம். இதை எப்படிச் சொல்வது? என் தாத்தா வயசு. ரீடிங்கைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

அவரே கையை விரித்துப் பார்த்துக்கொண்டு, "கட்டைவிரல்" என்றார். அவ்வளவுதான்.

பாதிக் காரணம்தான் கிடைத்தது

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் விடவில்லை. "பிரைமர்தான் முழுக் காரணம் என்றால், நண்பர் துப்பாக்கியில் ஏன் ஐம்பதும் வெடிச்சது?" என்றார். பாருங்கள், நான் அதை மறந்தே போயிருந்தேன்.

அவருடைய ரிவால்வரில் ஹேமரைத் தள்ளுவது ஒரு தட்டை ஸ்பிரிங். கைப்பிடியின் முன்பக்கம் ஒரு ஸ்க்ரூ அதை வளைத்து அழுத்தத்தில் வைத்திருக்கும். ஸ்க்ரூவைத் தளர்த்தினால் விசை இழுக்க லேசாகும், அடியும் லேசாகும். கைப்பிடியைக் கழற்றினார். ஸ்க்ரூ முக்கால் சுற்று வெளியே நின்றது. தானாகக் கழன்றதா? இல்லை. "போன குளிர்காலத்தில் நான்தான் தளர்த்தினேன். விரலால் இழுக்க முடியலை" என்றார்.

இங்கே கொஞ்சம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்காக நானே எடுத்தவை. ஸ்பிரிங்கில் சேரும் சக்தி அரை கே எக்ஸ் ஸ்கொயர். ஹேமர் விழுந்து கிடக்கும்போதே ஸ்பிரிங் 6 மி.மீ. வளைந்திருக்கிறது, முழுக்க இழுத்தால் 10 மி.மீ. என்று வையுங்கள். ஹேமருக்குக் கிடைப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது பாதி கே பெருக்கல் (100 – 36) = 32 கே. ஸ்க்ரூவைத் தளர்த்தி 1 மி.மீ. குறைத்தால் 5, 9 ஆகும். பாதி கே பெருக்கல் (81 – 25) = 28 கே. எட்டில் ஒரு பங்கு நஷ்டம். இது சிங்கிள் ஆக்‌ஷன். அவருடைய மாதிரி ரிவால்வர்களில் டபுள் ஆக்‌ஷனில் ஹேமர் கொஞ்சம் முன்னதாகவே விடுபட்டுவிடும், முழுத் தூரம் பின்னால் போகாது. 9-க்குப் பதில் 8.5-ல் விடுகிறது என்றால் 23.6 கே. 32 எங்கே, 23.6 எங்கே! கால் பங்குக்கும் மேலே போய்விட்டது. 44-ஆம் எண் தோட்டா டபுள் ஆக்‌ஷனில் இரண்டு தடவை மறுத்துவிட்டு சிங்கிள் ஆக்‌ஷனில் வெடித்த ரகசியம் இதுதான்.

(பிரைமர் கம்பெனிகளில் ஒரு எஃகு உருண்டையைப் பல உயரங்களிலிருந்து பிரைமர் மேல் போட்டு, எந்த உயரத்தில் எல்லாம் வெடிக்கிறது, எந்த உயரத்தில் ஒன்றும் வெடிப்பதில்லை என்று கணக்கு எடுப்பார்கள். நம்ம லேபில் ஐசாட், சார்ப்பி டெஸ்ட் செய்யும்போது பெண்டுலம் விழுகிறதே, அதற்குத் தம்பி முறை. "எல்லாம் வெடிக்கும்" உயரத்துக்கும் "எதுவும் வெடிக்காது" உயரத்துக்கும் நடுவே ஒரு சந்தேகப் பிரதேசம் உண்டு. பெரியவரின் ஹேமர் நழுவி வந்து நின்றது அதற்குப் பக்கத்தில்.)

இப்போது நான்கு கட்டத்தையும் நிரப்புங்கள். தளர்ந்த ஸ்பிரிங், ஆனால் நன்றாக உட்கார்ந்த கடைத் தோட்டா: வெடிக்கும். சரியாக உட்காராத பிரைமர், ஆனால் நண்பரின் முழு ஸ்பிரிங்: தள்ளவும் நசுக்கவும் போதுமான சக்தி இருக்கிறது, வெடிக்கும். இரண்டும் சேர்ந்தால் மட்டும் டிக். ஆளுக்குப் பாதித் தப்பு. தனித்தனியே விசாரித்தால் இரண்டு பேரும் நிரபராதி! ஆட்டோமொபைல் லேபில் ஸ்கூட்டர் மிஸ்ஸாகும்போது நாம் பிளக்கை மாற்றி ஓட்டிப் பார்க்கிறோம். ஓடினால் பழைய பிளக்கைத் தூக்கி எறிகிறோம். கான்டாக்ட் பாயிண்ட் கேப்பும் பாதி கெட்டிருக்கலாம் என்று எத்தனை பேர் அளந்திருக்கிறோம்? நான் அளந்ததில்லை.

இரண்டு பாதித் தப்புக்கும் வேர் ஒன்று என்பதை அவர் என்னிடம் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. கட்டைவிரலால் பிரைமரை அழுத்த முடியவில்லை. ஆள்காட்டி விரலால் விசையை இழுக்க முடியவில்லை. ஒரே கை.

ஒரு ஸ்க்ரூவுக்காக வாக்குவாதம்

கைக்கருவியை அலமாரியில் வைத்துவிட்டு, பெஞ்சில் போல்ட் போட்டு மாட்டும் நீளமான லீவர் உள்ள பிரைமிங் கருவியை எடுத்தார். அதில் விரல் வேண்டாம், தோள் பலம் போதும். ஐம்பதும் நான்கு தௌ, முதலிலிருந்து கடைசிவரை. அவற்றை நிரப்பி, ஸ்க்ரூவைத் தொடாமல் அப்படியே, டபுள் ஆக்‌ஷனில் சுட்டுப் பார்த்தார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தானே மாற்ற வேண்டும்! ஐம்பதும் டுமீல்.

நான் சந்தோஷமாக, "அப்ப ஸ்க்ரூ இப்படியே இருக்கட்டும். விசையும் லேசு, தோட்டாவும் வெடிக்குது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "உங்க காலேஜில் ஃபாக்டர் ஆஃப் சேஃப்டி சொல்லிக்கொடுத்தாங்களா?"

சொல்லிக்கொடுத்தார்கள். யூனிட் டெஸ்டில் எழுதியும் இருக்கிறேன்.

"இப்ப எவ்வளவு இருக்கு?"

ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. குளிரில் கிரீஸ் இறுகினால், அடுத்து வாங்கும் பிரைமரின் கிண்ணம் ஒரு நூல் கெட்டியாக இருந்தால், ஸ்க்ரூ இன்னும் கால் சுற்று தானாகக் கழன்றால் மறுபடி டிக். கம்பெனிக்குக் கம்பெனி கிண்ணத்தின் கெட்டித்தன்மை மாறும், அது நம் கையில் இல்லை. போட்டிக்காகவே ஸ்பிரிங்கைக் குறைத்து, மென்மையான கிண்ணம் உள்ள பிரைமரைத் தேடி வாங்கிச் சமாளிப்பவர்கள் உண்டு. அவர் அந்த ரகம் இல்லை. நாற்பது வருஷம் டையில் பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மாரடித்தவர். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கைப்பிடி நடுங்க நடுங்க, ஸ்க்ரூவை முழுக்க உள்ளே இறக்கினார். பிறகு வெறும் துப்பாக்கியைச் சுவர்ப்பக்கம் நீட்டி டபுள் ஆக்‌ஷனில் இழுத்துப் பார்த்தார். நான்கு தடவை முடிந்தது. ஐந்தாவது தடவை பாதியில் நின்றது. துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

எனக்கு என்னவோ போலிருந்தது. நோட்டைக் கொண்டுபோய் ஸீரியல் நம்பர், பார்வை எல்லாம் காட்டாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். மாமாவிடம் சொன்னேன். "போடா, அவருக்கு எது தெரியணுமோ அது தெரிஞ்சுது" என்றார்.

நான் ஊர் திரும்பி ஐந்தாவது செமஸ்டரில் முழுகிக் கிடந்தபோது பெரியவரிடமிருந்து ஒரு இமெயில் வந்தது. இரண்டு தட்டு, நூறு தோட்டா, எல்லாம் சிங்கிள் ஆக்‌ஷனில், மிஸ்ஃபயர் பூஜ்யம். பெஞ்சை விற்கவில்லை. வியாழக்கிழமை டபுள் ஆக்‌ஷன் போட்டிக்குப் பெயர் கொடுப்பதில்லை, ஆனால் போகிறார். ஸ்கோர் எழுதுவது அவர்தானாம். "முதல் காலம் ஸீரியல் நம்பர்" என்று கடைசியில் ஒரு வரி.